கருவியும் கையும்

தன் கைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்துகொண்ட உளியைத் தச்சன் ஒருவன் எதிர்க்கடைத் தச்சனுக்கே விலைக்குக் கொடுப்பானாயின், உலகம் அவனைப் பேதை என்னுமா, பெருந்தகை என்னுமா? இக்கேள்வி அன்பர்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். அமெரிக்க நாட்டிலே, கணினி கொண்டு சித்திரப் படம் ஆக்கும் தொழிலில், இது மெய்யாகவே நிகழ்ந்தது.

பிக்சார் என்னும் கம்பெனி 1986-இல் லூக்காஸ்பிலிம் கம்பெனியினின்று பிரிந்து, ஸ்டீவ் ஜாப்ஸ் என்பாரின் முதலால் தனித்து நின்றது. கணினிப் பொறிகளை விற்றும், விளம்பரப் படங்கள் எடுத்தும் அது காலந்தள்ளிய நாட்கள் அவை. அதன் அறிஞர்கள் ரெண்டர்மேன் என்றொரு மென்பொருளை இயற்றினர். உருவின் வடிவையும், தோலின் தன்மையையும், விளக்கு நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டால், ஒளி எங்ஙனம் விழும், நிழல் எங்ஙனம் படியும் என்று கணக்கிட்டுப் படமாகத் தீட்டித் தருவது அதன் வேலை. திரையில் ஒரு விநாடி ஓடுவதற்கு இவ்வாறு 24 படங்கள் வேண்டும். 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் விலங்குகளும், 1995-இல் வந்த 'டாய் ஸ்டோரி'யின் பொம்மைகளும் இக்கருவியால் தீட்டப்பட்டவையே. விலை கொடுத்த பிற கம்பெனிகளும் அதனைப் பெற்றன. 2001-இல் அதனை ஆக்கிய மூவர்க்கு ஆஸ்கார் சிலை அளிக்கப்பட்டது. அம்மூவருள் ஒருவர் எட் காட்மல். பிற்காலத்தில் பிக்சாரின் தலைவராய் விளங்கியவர். இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

கருவியை விற்றதனாற் போட்டி தணிந்ததோ எனின், இல்லை. டிஸ்னியைவிட்டு 1994-இல் விலகிய காட்சன்பெர்க் என்பார் வேறிருவரோடு கூடி டிரீம்வொர்க்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். 1998-இல் இரண்டு மாதங்களுக்குள்ளாக இரண்டு எறும்புக் கதைகள் திரைக்கு வந்தன. ஒன்று டிரீம்வொர்க்ஸ் படம், மற்றொன்று பிக்சார் படம். எறும்பை முதலில் எண்ணியவர் யார் என்று பெரிய மனிதர்கள் பிணங்கிய பிணக்கு, உண்மையில் நகைப்புக்குரியது. பார்த்தவர்களோ இவர்கள் பரம வைரிகள் என்றே நம்பினர்.

இனித்தான் நம் கேள்வி பிறக்கின்றது. பிக்சாரில் வேலை செய்து வெளியேறிய சிலர் எக்ஸ்லூனா என்றொரு சிறு கம்பெனி கண்டு, ரெண்டர்மேனுக்குப் போட்டியாக வேறொரு மென்பொருளை விற்றனர். 2002-இல் பிக்சார் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. அம்மென்பொருள் கடையைவிட்டே மறைந்தது. காப்புரிமை என்னும் சட்டம் இதற்கு இடந்தருகிறது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இதற்கப்பால் நடந்ததற்கு எச்சட்டம் இடந்தரும்? ஒருவர் ஆளை மற்றவர் வலிய அழைப்பதில்லை, ஆள் தானாக வந்தாலும் பழைய முதலாளிக்கு அறிவிக்க வேண்டும், ஊதியத்தை ஏற்றி ஏற்றிக் கேட்கக் கூடாது என்று பிக்சாரும் லூக்காஸ்பிலிமும் மறைவில் உடன்பட்டிருந்ததை 2010-இல் அமெரிக்க நீதித்துறையே வெளிக்கொணர்ந்தது. டிரீம்வொர்க்ஸ், சோனி, புளூ ஸ்கை முதலியனவும் இத்தகைய கூட்டில் இருந்தன என்று 2014-இல் தொழிலாளர் வழக்காடினர். கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2016, 2017 ஆண்டுகளில் ஏறக்குறைய 17 கோடி டாலர் தர இசைந்தன. அதில் 10 கோடி டிஸ்னி தரப்பினுடையது. 5 கோடி டிரீம்வொர்க்ஸினுடையது.

எறும்பைப் பற்றி ஊரறியச் சண்டை. கூலியைப் பற்றி ஊரறியாத வழக்கம்! கூலிக்கு உழைக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

காட்மல் இவ்வழக்கத்துக்காக வெட்கப்படவில்லை. ஆளுக்கு ஆள் விலையேற்றிப் பறித்துக்கொண்டால் தொழிலே குலையும், நெடுங்காலத்தை எண்ணிப் பார்ப்பதும் தம் கடமை என்பது அவர் வாதம். அவர் தீயவரல்லர், கலையின்பால் உண்மைப் பற்றுடையவர். ஆதலாலேயே இவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளவில்லை. ஒரு படம் முடியப் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் கைதேர்ந்த நால்வர் போய்விட்டால் இடர்ப்பாடுதான். ஆனால் அவ்விடரை நீக்க நேரிய வழி ஒன்று இருந்ததே! போகிறவனை நிறுத்தக் கூடுதல் ஊதியம் கொடுத்திருக்கலாம். கருவிக்கு விலை கூறுங்கால் வாங்குவோர் பலராய் இருத்தல் நன்றென்று கண்டவர், அக்கருவியைக் கையாளும் மனிதனுக்கு மட்டும் வாங்குவோர் ஒருவரே போதும் என்று கொண்டது எந்த நியாயத்தால்? உளி தச்சனுடைய பொருள். விற்கலாம், பூட்டியும் வைக்கலாம். கூலியாளின் கைத்திறம் அவ்வாறு முதலாளியின் பொருளாகுமா? அவன் இரவு பகலாய்ப் பழகிப் பெற்றதன்றோ அது?

தொழிலாளி நிலைத்திருக்க வேண்டும் என்ற கூற்றை முதலாளியின் பக்கமும் திருப்பிப் பார்ப்போம். லூக்காஸ்பிலிம் சிங்கப்பூரிலும் சித்திரக்கூடம் அமைத்து ஆண்டுகள் பல நடத்தியது. 2014-இல் அதற்கெனவே எழுந்த மாளிகையைச் சென்று கண்டோர் நம்மிற் சிலர் உளர். 2023 ஆகஸ்டில் அக்கூடம் மூடப்படும் என அறிவிப்பு வந்தது. முந்நூறுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களை விட்டுப் போவதற்குக் கம்பெனி எவரிடத்தும் இசைவு கேட்கவில்லை.