வடுவோடு உயிர்த்த நம்பிக்கை

நம்பிக்கை என்பது யாது? இழந்ததை மீண்டும் பெறுவோம் என்னும் எதிர்பார்ப்பா? அன்றி, இழந்தது மீளாவிடினும் வாழ்வுக்குப் பொருளுண்டு என்னும் துணிவா? திருமலைப் படிகளில் ஏறுவோரையும், சித்தூர் வழியே வேலூர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோரையும் நாள்தோறும் காணும் நமக்கு இவ்வினா புதியதன்று. இருசாரார் நெஞ்சிலும் நிறைந்திருப்பது வேண்டுதலே. வேண்டியது கிட்டாதபோது நம்பிக்கை என்னாகும்? சமயங்கள் அனைத்தும் விடையிறுக்க வேண்டிய கடிய வினா இதுவாகும்.

கிறித்தவம் தரும் விடை யோவான் நற்செய்தியின் ஒரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. உயிர்த்தெழுந்த இயேசு பெருமான், ஐயுற்ற தோமையாருக்குத் தம் கைகளின் தழும்பையும் விலாவின் காயத்தையும் காட்டினார். சாவையே வென்றவருக்கு வடுவை மாற்றுதல் அரிதோ? ஆயினும் வடு மறையவில்லை. புதுவாழ்வு என்பது பழைய நிலைக்குத் திரும்புதலன்று. காயத்தையும் உடன்கொண்டு முன்செல்லுதலே என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மைக்கு விளக்கமாக வாழ்ந்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1925 இல் கொச்சியிற் பிறந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். 1954 இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. அவை மீளவேயில்லை. எனினும், அமர்ந்தவாறே கைகளுக்கு அறுவை செய்யலாம் என்று டாக்டர் பால் பிராண்டு வழிகாட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் பணியை அவர் மேற்கொண்டார்.

அவ்வறுவையின் இயல்பே நமக்கு ஒரு பாடம். வேறு வேலைக்குப் பழகிய நல்ல தசையொன்றின் நாணை எடுத்து, செயலற்ற விரல்களோடு இணைப்பர். இணைத்த அன்றே கை இயங்கிவிடாது. பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலை அத்தசை கற்கும்வரை நாள்தோறும் பயிற்சி வேண்டும். ஆன்ம வளர்ச்சியும் அத்தகையதே. ஒருநாள் வழிபாட்டில் எழும் உவகை தொடக்கம் மட்டுமே. அதனை அன்றாடச் செயலாக்கும் பயிற்சியே வளர்ச்சி.

இது விதியென்று அடங்கிப்போவதன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. அடங்கிப்போகிறவர் கடல்கடந்து சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று வருவாரா? திரும்பிவந்த அவர் தலைமையில், 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972 இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. 1986 இல் மறையும்வரை அவருடைய கால்கள் உணர்வு பெறவில்லை. ஆனால் அவராற் பலர் எழுந்தனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் தேவை. நலமாயிருப்போர் துன்புறுவோரிடம் பொறுமையைப் போதித்தல் எளிது. அது நம்பிக்கை ஊட்டுதலாகாது. பிராண்டு போதிக்கவில்லை, செய்தற்குரிய ஒரு வேலையைக் காட்டினார். மனம் உடைந்தவர்க்கு நாம் தரத்தக்கது அறிவுரையன்று. அவரால் இன்னும் பயனுண்டு என்பதை உணர்த்தும் ஒரு வாய்ப்பே.

திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பேர்டு மருத்துவமனையிலும் ஊனமுற்றோர் எழுந்து நடக்கக் கற்கின்றனர். வழிபடும் பெயர் வேறாயினும் நீளும் கை ஒன்றே. நம்பிக்கை நெஞ்சிற் பிறக்கலாம். அது வளர்வது பிறர்க்கு உதவும் கையில்தான்.