சூரியனின் ஓசையும் செவியின் எல்லையும்

சூரிய மண்டலத்தினின்றும் ஓசை எழுகின்றதா? எழுமாயின் அது பூமியிலுள்ளார் செவிக்கு எட்டுமோ? இவ்வினா பௌதிக நூலாருக்கு மாத்திரம் உரியதன்று. 2020ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, சூரியன் பிரணவத்தை ஒலிக்கின்றான் என்றும், அமெரிக்க வானவெளி நிறுவனமாகிய நாசா அதனைப் பதிவு செய்தது என்றும் கூறி, ஓர் ஒலிப்பதிவு இந்தியாவிற் பலராலும் பரப்பப்பட்டது. சைவ மாணாக்கன் ஒருவன் அதனைக் கேட்டு வந்து, "இஃது உண்மையோ?" என்று வினவுவானாயின் ஆசிரியர் யாது விடை பகர்வர்?

ஓசை செல்லுதற்கு ஓர் ஊடகம் வேண்டும். கண்ணாடிக் கலத்தினுள் நூலிலே தொங்கவிட்ட கடிகாரத்தின் ஓசை, உள்ளிருக்கும் வளியை வாங்க வாங்கத் தேய்ந்து ஒழிதலை இராபர்ட் பாயில் என்பார் 1660இல் வெளியிட்ட தம் நூலிற் காட்டினார். நம் பாடசாலைகளில் மின்மணியைக் கொண்டு செய்வதும் இப்பரிசோதனையே. நாம் சுவாசிக்கும் வளியில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் ஏறக்குறைய இரண்டரை இலட்சங் கோடி கோடி மூலக்கூறுகள் உள. பூமிக்கு அப்பாலுள்ள வெளியிலோ சூரியனினின்றும் வீசும் துணிக்கைகள் அதே அளவிடத்தில் ஐந்து முதற் பத்து வரையே இருத்தல் வழக்கம். ஒன்றையொன்று முட்டித் தள்ளாதவை ஓசையை எங்ஙனம் கடத்தும்? இடைப்பட்ட பதினைந்து கோடிக் கிலோமீற்றரும் வளியால் நிரம்பியிருப்பினும், இன்று புறப்பட்ட ஓசை நம்மை வந்தடைதற்குப் பதினான்கு ஆண்டு செல்லும். ஒளியோ எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் வந்துவிடுகின்றது.

அற்றேல், நாசா வெளியிட்டது பொய்யோ எனின், அன்று. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தாழ்தலை 1960இல் இராபர்ட் லெய்ட்டன் என்பார் கண்டறிந்தார். சூரியனுள்ளே ஓசை அலைகள் உலாவுதலால் நிகழ்வது அது. 1995இல் ஏவப்பட்ட சோகோ என்னும் விண்கலம் அவ்வசைவை ஒளியின் நிற வேறுபாட்டால் அளந்தது, செவியாலன்று. நாற்பது நாள் அளவுகளை 42,000 மடங்கு விரைவாக்கியே கேட்கும் ஓசையாக மாற்றினர். 300 விநாடிக்கு ஒன்றாகிய அதிர்வு அவ்வாறு விநாடிக்கு 140 ஆயிற்று. மனிதச் செவி விநாடிக்கு இருபதிற் குறைந்த அதிர்வைக் கேளாது. 42,000 என்பது மாந்தர் தெரிந்துகொண்ட எண். அவ்வெண்ணைப் பத்து மடங்காக்கின் அதே சூரியன் கீச்சென்று ஒலிப்பான். அன்றியும், அகர உகர மகரமென எழுத்துப் பகுத்தல் நாவும் இதழும் செய்யும் தொழில். ஓயாத முழக்கம் ஒன்றிலே அப்பகுப்பைக் கேட்பவன் தான் கேட்க விழைந்ததையே கேட்கின்றான்.

பக்தி வளருமாயின் இதனை அப்படியே விட்டுவிடுதலால் வரும் குற்றம் யாது என்பார் உளர். அவர் கருத்து நன்மையைக் குறித்ததேயாயினும் நாம் அதற்கு உடன்படோம். இன்று பிரணவத்துக்கு நாசாவின் சான்று பெற்ற பிள்ளை, நாளை அச்சான்று அன்றென்று பிறர் காட்டும்போது எதனைக் கைவிடுவான்? பெரும்பாலும் பதிவையன்று, பிரணவத்தையே. அன்றியும், வாக்குச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரியென நால்வகைப்படும் என்றும், அவற்றுட் செவிக்குப் புலனாவது வைகரி ஒன்றே என்றும் கற்பித்துவரும் நாம், பிரணவத்தின் பெருமையை நிறுவுதற்கு ஓர் இயந்திரத்தின் வைகரியை நாடுதல் நம் நூலுக்கே முரணாகும்.

இனி ஓர் ஐயம். ஆகாயத்தின் குணம் ஓசையென்பது நம் நூற்கொள்கையாயின், வெறுவெளியில் ஓசை செல்லாமை அதற்கு மாறன்றோ என மேல்வகுப்பு மாணாக்கர் கேட்பர், கேட்டலும் தகும். இடங்கொடுத்து நிற்பதாகிய பூதாகாயமும், வளி வாங்கப்பட்ட கலத்தின் வெறுமையும் ஒன்றெனக் கொள்ளுதற்கு ஆதாரமில்லை. வாயு முதலிய ஏனைப் பூதங்களிலும் ஓசை உண்டென்றே நம் நூல்கள் கூறும். பாயிலின் கலத்தை நம் நூலோர் முன்பே அறிந்திருந்தார் என்று சொல்லவும் வேண்டா. பரிசோதனையைப் பரிசோதனையாகவே காட்டுக. பின்னர் மாணாக்கர் கையிற் பென்சிலைக் கொடுத்து, 42,000ஐ 300ஆல் வகுக்கச் செய்க.