கடைசி பஸ் யாருக்குச் சொந்தம்?



நட்டத்தில் ஓடும் பஸ்ஸை நிறுத்திவிட அதன் சொந்தக்காரருக்கு உரிமை உண்டா? கல்முனைப் பகுதியில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

கரையோரப் பெருவீதியில் மட்டக்களப்புக்கோ அக்கரைப்பற்றுக்கோ செல்பவருக்கு ஒரு பஸ் தவறினால் இன்னொன்று வரும். மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் போகிறவரின் நிலை வேறு. அங்கே பிரயாணிகள் குறைவு; மாரியில் தாம்போதியை வெள்ளம் மூடும். தனியார் பஸ் என்பதோ பெரும்பாலும் ஒரே வண்டியை நம்பிய குடும்பத்தின் பிழைப்பு. டீசல், டயர், கடன் தவணை, சாரதிக்கும் கொண்டக்டருக்கும் கூலி. மாலையில் நாலு பேருக்காக ஓடினால் கைக்காசுதான் கரையும். “என் வண்டி, என் பணம்” என்று அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் சற்றுச் சிந்தியுங்கள். வண்டி அவருடையது, வழி அவருடையதா? அரசு அவருக்கு வழித்தட அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது, அது இல்லாத மற்றவரைத் தடுக்கிறது. ஆகவே அவர் ஓட்டாத பொழுது அந்த இடத்தை நிரப்ப வேறொருவர் இல்லை. எனவே அவரது நேர அட்டவணை ஒரு வாக்குறுதியாகிறது. அதை நம்பிக் கடை வேலை முடித்து வரும் பெண்ணும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் முதியவரும் தருமம் கேட்கவில்லை, நீதி கேட்கிறார்கள்.

நம் நாடு இரு வழிகளையும் கண்டுவிட்டது. 1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் கம்பனிகளின் சேவைகளைப் பொறுப்பேற்று இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. இலாபமான வழியின் வருமானம் நட்டமான வழியைத் தாங்கட்டும் என்பது அதன் நியாயம். நட்டம் பெருகியது, 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. பெருவீதிகளில் பஸ்கள் ஒன்றையொன்று முந்தின. கிராமத்துத் தரிப்பிடங்களில் காத்திருப்பு நீண்டது. சொந்தக்காரர் மாறினாலும் கேள்வி தீரவில்லை.

அப்படியானால் நட்டம் முழுவதையும் அந்த ஒருவரே சுமக்கவேண்டுமா? இல்லை. பொதுநலத்துக்கான செலவைப் பொதுவில்தான் சுமக்கவேண்டும். கிராமங்களுக்கான ‘கெமி சரிய’, பாடசாலைப் பிள்ளைகளுக்கான ‘சிசு சரிய’ சேவைகளுக்கு அரசு பணம் கொடுப்பது இந்த நியாயத்தின் பேரில்தான். முடியாதென்றால் சொந்தக்காரர் உதவி கேட்கட்டும். அல்லது அனுமதியைத் திருப்பிக் கொடுக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் கடைசிப் பயணத்தை விட்டுவிடுவது மட்டும் தகாது.

நமக்கும் பங்குண்டு. டிக்கட் வாங்காமல் பாதிக் காசைக் கொண்டக்டர் கையில் திணித்து இறங்குகிறவர், அந்தப் பஸ் நிற்பதற்கு வழிசெய்கிறார். மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டவருக்கோ கடைசி பஸ்ஸின் நினைவே போய்விடுகிறது. பஸ்ஸில் எஞ்சுபவர்கள் முதியோர், பிள்ளைகள், ஏழைகள். ஆட்கள் குறைந்த பஸ் என்றால், வேறு வழியில்லாதவர்கள் மட்டுமே ஏறும் பஸ் என்றுதான் பொருள்.

அந்தப் பஸ்ஸில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே இருக்கையில்தான் அமர்கிறார்கள். உங்கள் ஊரில் மாலைப் பஸ் நின்றுபோயிருந்தால், பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகத்தினர் ஒன்றாகச் சென்று பஸ்காரரிடமும் அதிகாரிகளிடமும் பேசுங்கள். சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் முன்னால் செல்லட்டும்.