கட்டுச்சோறும் கல்லூரிப் படிப்பும்

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை தேறிவிட்டான். மதிப்பெண்ணும் குறைவில்லை. கல்லூரியில் இடமும் கிடைத்துவிடும். ஆனால் கல்லூரி இருப்பதோ சென்னையில், அல்லது திருச்சியில். சேர்க்கைக் கட்டணத்தை எப்படியோ புரட்டிவிடலாம். மாதாமாதம் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், புத்தகம் என்று போகும் பணத்துக்கு எங்கே போவது? "ஒரு வருஷம் பொறுத்துச் சேரட்டுமே" என்கிறார் வாப்பா. உம்மா வாய் திறக்காமல் காதில் கிடப்பதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்கு வந்த பெரியவரோ, "அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போட்டு அனுப்பிவையுங்கள். ரிஸ்கு தருபவன் அவனல்லவா?" என்கிறார்.

வாப்பா சொல்வது ஈமான் குறைவினாலா? பெரியவர் சொல்வதுதான் தவக்குலா? இதையே இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

யமன் நாட்டிலிருந்து சிலர் ஹஜ்ஜுக்கு வருவார்கள். வழிக்கு வேண்டிய உணவைக் கொண்டுவர மாட்டார்கள். தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தில் வரும் கட்டளை இவர்கள் விஷயத்தில் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. தக்வாவே சிறந்த கட்டுச்சோறு என்று அதே வசனம் தொடர்கிறது. ஆனாலும் முதலில் கட்டுச்சோற்றைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டே அல்லாஹ் தக்வாவைப் பேசுகிறான் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஹஜ்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர் மீதே அது கடமை. அந்த வசதி என்பதில் போய்வரும் செலவு மட்டுமின்றி, திரும்பி வரும் வரை வீட்டிலுள்ளோர் உண்ணும் செலவும் அடங்கும் என்று பிக்ஹு நூல்கள் கணக்கிடுகின்றன. இஸ்லாத்தின் ஐந்தாவது தூணுக்கே செலவுக் கணக்கு பார்க்கப்படுகிறது என்றால், மூன்றாண்டு, நான்காண்டுப் படிப்புக்குக் கணக்கு பார்க்கும் தகப்பனை ஈமான் குறைந்தவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாதம் 4,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மாதத்துக்கு 40,000 ஆகிறது. இதை எழுதிப் பார்க்காமல் பிள்ளையை ரயிலேற்றிவிட்டு, தீபாவளி விடுமுறையில் பெட்டியோடு திரும்பி வரச்செய்வது தவக்குல் ஆகாது.

என்றாலும் வாப்பாவிடம் நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதை அறிந்தே தள்ளிப்போடுகிறாரா?

சில மேல்நாடுகளில் கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவைத்துத் தரும் வழக்கம் உண்டு. நம் கல்லூரிகளில் பொதுவாக அப்படி இல்லை. சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த மே மாதம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கான நீட் மதிப்பெண்ணோ அந்த ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். இது வெளிப்படையான நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் வேறு இருக்கிறது. ஓராண்டு கடையில் நின்று சம்பளம் வாங்கிய பையனின் சம்பளத்தை வீடு பழகிவிடும். பிறகு அவனைப் படிக்க அனுப்பினால் வீட்டில் ஒரு வருமானம் குறையும். சபுர் போகிறவனுக்குப் பெரும்பாலும் இரண்டாண்டு ஒப்பந்தம். போய்வந்தபின் வீடு கட்ட வேண்டும், தங்கைக்குத் திருமணம் முடிக்க வேண்டும். புத்தகம் பரணில் ஏறிவிடும். பெண்பிள்ளைக்கு இந்த ஓராண்டு இன்னும் ஆபத்தானது. வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கு வரன் வரத் தொடங்கிவிடும். வந்த வரனைத் தட்டக்கூடாது என்பார்கள். உம்மாவும் மசிந்துவிடுவார். 'பொறுத்துச் சேரட்டும்' என்று சொன்னது 'சேர வேண்டாம்' என்று முடிந்த வீடுகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

தள்ளிப்போடுவதே மேலாக இருக்கும் நிலையும் உண்டு. தகப்பனார் நோயில் விழுந்து, உழைக்க வேறு ஆளில்லாத வீட்டில், பெற்றோருக்கு உணவளிப்பதே மகனின் கடமை. போருக்கு வர அனுமதி கேட்டு நின்றவரிடம் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்காகவே பாடுபடும்படி நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பியதை நாம் அறிவோம். அந்த மகன் தள்ளிப்போடும் ஓராண்டு, இன்ஷா அல்லாஹ், அவன் வணக்கக் கணக்கிலேயே எழுதப்படும். வட்டிக் கடன் ஒன்றே வழி என்று நிற்கும் வீட்டுக்கும் நாம் இதையே சொல்வோம். வட்டியில் கால் வைப்பதைவிட ஓராண்டு காத்திருப்பது மேல்.

ஆனால் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த ஓராண்டைப் படிப்புக்கே நிய்யத்து செய்யட்டும். எவ்வளவு பணம் சேர வேண்டும், யார் கையில் இருக்க வேண்டும் என்று குறித்துவைக்கட்டும். அந்தப் பணம் வீட்டுச் செலவில் கலக்க வேண்டாம். இரண்டாண்டுக்குக் கட்டிப்போடும் வேலையில் பிள்ளையைச் சேர்க்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையையும் உட்காரவைத்து மஷ்வரா செய்யுங்கள். கணக்கை அவனுக்கும் காட்டுங்கள். இஸ்திகாரா தொழுகையை அவனும் தொழட்டும். 'பணமில்லை' என்று ஒரே சொல்லில் முடித்தால் அவன் அதைத் தன்மீது கொண்ட வெறுப்பாக எடுத்துக்கொள்வான்.

தள்ளவும் வேண்டாம், தொலைவாகவும் போக வேண்டாம் என்ற நடுவழி பல வீடுகளுக்கு இருக்கிறது. மதீனாவின் மேட்டுப் பகுதியில் குடியிருந்த ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களும் அண்டை வீட்டு அன்ஸாரித் தோழரும் நபி (ஸல்) அவர்களின் சபைக்கு முறைவைத்துச் சென்றுவந்தார்கள். ஒருநாள் இவர், ஒருநாள் அவர். போனவர் கேட்டுவந்ததை மற்றவருக்கு எடுத்துரைப்பார். போகாதவர் தம் அலுவலைப் பார்ப்பார். பிழைப்பும் நின்றுவிடவில்லை, கல்வியும் நின்றுவிடவில்லை. சென்னையில் படிக்க நினைக்கும் அதே பி.காம். படிப்பு பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் இருக்குமானால், வீட்டுச் சோற்றைத் தின்று பஸ்ஸில் போய்வந்து, மாலையில் நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் படிப்பதில் என்ன குறை? பெரிய கல்லூரியின் பெயர் பத்திரிகையில் அச்சடிக்கத்தான் உதவும் என்றால் அதற்காக ஓராண்டை இழக்க வேண்டாம்.

அரசு வைத்திருக்கும் வழிகளையும் விசாரிக்காமல் விட்டுவிடக்கூடாது. பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே தனி அலுவலர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் சட்டமாயிற்று. அதில் சேர்வோரின் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. ஆகவே மே மாதத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் நில்லுங்கள். ஆகஸ்டில் போனால் விடுதியில் இடமிருக்காது.

இனி நாம் பேச வேண்டியது, வாப்பாவிடமோ பிள்ளையிடமோ அல்ல. வசதி படைத்தவர்களிடம்.

இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் இளமையில் வறுமையில் வாடியவர்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பாடசபையில் போய் அமர்வார்கள். வீட்டார் வந்து பிழைப்புத் தேடப் போகும்படி எழுப்பிக் கொண்டுபோவார்கள். வந்தவர் தந்தை என்றும் தாயார் என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. மாணவர் சில நாள் வராதது கண்டு இமாமவர்கள் விசாரித்தார்கள். காரணம் தெரிந்ததும் நூறு திர்ஹம் கொண்ட பை ஒன்றைக் கையில் கொடுத்து, அது தீர்ந்தால் தெரிவிக்கும்படி சொன்னார்கள். தீர்ந்துவிட்டது என்று தாம் ஒருநாளும் சொன்னதில்லை என்றும், தீரும் சமயமறிந்து அடுத்த பை வந்துவிடும் என்றும் அபூயூசுப் அவர்களே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள். ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்தவர் இவர்தாம்.

இமாமவர்கள் கூபாவில் பட்டு வியாபாரி. அவர்கள் அந்தப் பையைக் கொடுத்தது மாணவரின் வீட்டு அடுப்பு எரிவதற்காக. இன்று நம் செல்வர்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைச் செக்காக எழுதித் தருகிறார்கள். ரசீது கிடைக்கிறது, விழாவில் மாலையும் கிடைக்கிறது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் மெஸ் பில்லுக்கு ரசீது கேட்டு மாலை போடுவார் யாருமில்லை. அதனால் அதைக் கட்டுவாரும் இல்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீ குடித்துப் படுக்கும் பிள்ளை அதை வீட்டிலும் சொல்வதில்லை, ஜமாஅத்திலும் சொல்வதில்லை.

ஜகாத்தைப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். ஏழை என்பதே தகுதி. ஹனபி மத்ஹபில் ஜகாத்தை ஏழையின் உடைமையாக்கிக் கொடுப்பது ஷர்த்து. ஆகவே கல்லூரிக்குக் கட்டுவதைவிட மாணவனின் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் பேணுதல். ஷாபிஈ மத்ஹபில் உழைக்கச் சக்தியுள்ளவருக்கு ஜகாத் இல்லை என்றாலும், மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் உழைக்க முடியாதவருக்கு விலக்களித்திருக்கிறார்கள். உலகக் கல்விக்கும் அதை விரித்துச் சொல்வோர் இருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஸதகாவுக்கோ இந்தக் கேள்வியே எழாது. வட்டி ஹராம் என்று மிம்பரில் கேட்டுத் தலையாட்டுகிற நாம், வட்டியில்லாக் கடன் கேட்டு வரும் தகப்பனை வாசலோடு அனுப்பிவிட்டால், அவர் வேறு எங்கே போவார்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் இந்த ஆண்டு கல்லூரி சேரும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் சாப்பாட்டுச் செலவுக்குத் தடுமாறுவோர் யார் என்று முத்தவல்லியும் இமாமும் வெளியில் சொல்லாமல் ஒரு பட்டியல் எடுக்கட்டும். பெரும்பாலான ஊர்களில் அது பத்துப் பேரைத் தாண்டாது. பெயர் வெளியே போக வேண்டாம். ஆளுக்கு ஒரு பிள்ளையின் மாதச் செலவை ஏற்போர் கல்லூரி திறக்கும் முன்பே முதல் மாதப் பணத்தை இமாமிடம் சேர்த்துவிடட்டும். முதல் மெஸ் பில் வரும்போது பணம் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.