நீரச்சமும் தவக்குலும்

அச்சம் குற்றமா? குற்றம் என்றால், அறியாப் பருவத்திலேயே மனத்தில் குடிபுகுந்துவிட்ட அச்சத்திற்கு ஒருவன் எவ்வாறு பொறுப்பாவான்? குற்றமில்லை என்றால், அதை வெல்ல வேண்டும் என்ற கடமை எங்கிருந்து வருகிறது? இதனை ஏட்டளவில் நிற்கும் விவகாரம் என்று சகோதரர்கள் எண்ணிவிட வேண்டாம். ஜொகூரில் வாழும் நமக்கு இது வாசலில் வந்து நிற்கும் கேள்வி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் வெள்ளத்தில் மூழ்கின. 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களில் பல்லாயிரம் பேர் வீடு துறந்து நிவாரண மையங்களில் தங்கினர். நாம் தண்ணீரைத் தேடிப் போகாவிட்டாலும் தண்ணீர் நம்மைத் தேடி வருகிறது.

தொட்டித் தண்ணீரைக் கையால் தட்டி மகிழும் குழந்தை, ஒருநாள் கால் வழுக்கி மூக்கில் நீர் ஏறியதும் அஞ்சத் தொடங்குகிறது. ஆற்றுப் பக்கம் போனால் முதலை பிடிக்கும், பேய் இழுக்கும் என்று பெரியவர்கள் வேறு சொல்லி வைக்கின்றனர். அவர்களின் நோக்கம் நல்லதே. ஆயினும், அந்தச் சொல் பிள்ளை வளர்ந்த பின்னும் போவதில்லை. நாற்பது வயதிலும் முழங்கால் அளவு நீரில் நின்று நடுங்குவோர் நம்மில் பலர்.

அச்சம் இறைவன் நமக்குத் தந்த காவல்காரன். அவன் இல்லாவிடில் நாம் நெருப்பிலும் நீரிலும் விழுந்து மடிவோம். ஆனால், வருகின்றவர் எல்லோரையும் திருடன் என்று விரட்டும் காவல்காரனை என்ன செய்வது? வேலையை விட்டு நீக்குவதில்லை, ஆளறியப் பழக்குகிறோம். அச்சம் குற்றமன்று, அதனைப் பழக்காமல் விடுவதே குற்றம் என்பது நமது கருத்து.

இதற்கு இஸ்லாமிய சரித்திரத்திலேயே தக்க சான்று உண்டு. பாலைவனத்து அராபியருக்குக் கடல் புதிது. சிரியாவின் ஆளுநராயிருந்த முஆவியா (ரலி) கடற்படையெடுப்புக்கு அனுமதி கேட்டபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் கடலின் தன்மையை விசாரித்தறிந்து, முஸ்லிம்களை அந்த அபாயத்தில் தள்ள இயலாது என்று மறுத்துவிட்டார்கள். இது கோழைத்தனமா? உமரைக் கோழை என்று சொல்லும் நாவு எங்கே இருக்கிறது! பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவரின் அச்சம் அது. அதே உமர் (ரலி) அவர்கள்தாம், பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் கற்றுக்கொடுக்குமாறு சொன்னார்கள் என்று வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. பழகாதவனைக் கடலில் தள்ளவும் கூடாது. பழகாமலே விட்டுவிடவும் கூடாது. இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

பின்னர் கலீபா உதுமான் (ரலி) அனுமதி அளித்தபோதும், எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பி வருவோரை மட்டுமே அழைத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே அளித்தார்கள். ஹிஜ்ரி 28-இல், அதாவது கி.பி. 649-இல், சைப்ரஸ் தீவுக்குக் கப்பல்கள் சென்றன. அஞ்சும் பிள்ளையைத் தூக்கி நீரில் எறிந்தால் தானாக நீந்திவிடும் என்று நம்மவரில் சிலர் கருதுகின்றனர். அவர்கள் அந்த நிபந்தனையைச் சிந்திக்க வேண்டும். எறியப்பட்ட பிள்ளை நீச்சலைக் கற்காமற் போகலாம்; எறிந்தவரை நம்பக் கூடாது என்பதை மட்டும் நிச்சயம் கற்றுக்கொள்ளும்.

“ஆயுள் அல்லாஹ்வின் கையில், நீச்சல் தெரிந்தவனும் மூழ்கிச் சாகிறானே!” என்று சிலர் கேட்பர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் வந்துள்ளது. தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதன்று. நீரில் மிதப்பதைக் கவனித்தாலே இது விளங்கும். நெஞ்சில் காற்று நிறைந்த மனித உடல் பெரும்பாலும் நீரைவிடச் சற்றே இலேசானது. அஞ்சியவன் தலையையும் கைகளையும் நீருக்கு மேலே தூக்குகிறான். தூக்கிய பாரமே அவனைக் கீழே அழுத்துகிறது. கற்றவனோ மல்லாந்து, காதுவரை நீரில் விட்டு, மூச்சை நிதானமாக இழுக்கிறான். நீர் அவனைத் தாங்குகிறது. தாங்கும் தன்மையை நீருக்கு அளித்தவன் இறைவன். அதன்மீது படுத்துக்கொள்ளக் கற்பது மனிதனின் முயற்சி. முயற்சியும் ஒப்படைப்பும் இங்கே ஒன்றாகி விடுகின்றன அன்றோ!

நிற்க, நம் பெண்மக்கள் விஷயத்தைக் கவனிப்போம். 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமியில், கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் தொகை ஆண்களின் தொகையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆடவர் பலர் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். பெண்கள் கரையில் இருந்தனர். நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளுக்கு வாய்த்த பழக்கம் பெண்களுக்கு வாய்க்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஹயா முக்கியம் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. அதற்குத் தனி நேரம், பெண் ஆசிரியை, உடலை மறைக்கும் உடை என்று ஏற்பாடு செய்வதே நம் கடமை. கற்பிக்காமல் விடுவது ஹயாவைக் காப்பதாகாது. மேலே சொன்ன சைப்ரஸ் பயணத்தில் உம்மு ஹராம் (ரலி) என்ற அம்மையாரும் கப்பலேறிச் சென்றார். கடல் கடந்து போவோரில் தாமும் ஒருவராக வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆச் செய்யக் கேட்டுக்கொண்டவர் அவர். லார்னகாவின் உப்பு ஏரிக்கரையில் அவர் பெயரால் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். சிறு குழந்தைகளை நீரருகே தனியே விடாதிருப்பதும், ஆறு வயது கடந்தவர்க்கு நீச்சலையும் தற்காப்பையும் கற்பிப்பதும் அந்நிறுவனம் கூறும் வழிகள். முதலில் ஆழமற்ற நீர், பிறகு முகத்தை நனைத்து மூச்சுவிடப் பழகுதல், பிறகு மிதத்தல், அதன்பின் கை கால் வீச்சு என்று படிப்படியாகப் போனால் பழைய அச்சம் எச்சரிக்கையாக மாறும். அந்த எச்சரிக்கை போகவே கூடாது. வெள்ளத்தின் வேகத்துக்கு முன் எந்த நீச்சல்காரனும் சிறியவனே.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முத்துக்குளித்தவர்களும் மரக்கலம் ஓட்டியவர்களும் நம் முன்னோர். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் விட்டு மலாயா வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். கடலைக் கடந்து வந்த குடும்பத்துப் பிள்ளை கால்வாயைக் கண்டு நடுங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியே விட்டுவிடுவதில்தான் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. உயிர் அல்லாஹ்வின் அமானத். அதைக் காக்கும் வித்தையைத் தாமும் கற்று, தம் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் கற்பிக்கும் பேற்றினை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.