பேகனின் போர்வையும் ஆறுமணிக்குருவியும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து, கார்த்திகை அகல்களும் அணைந்து, முன்பனி மெல்ல இறங்கத் தொடங்கும் மார்கழி விடியலில், முருங்கைக் கிளையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மைனாவையும், அடுப்பங்கரைக் கதகதப்பை விட்டு எழ மனமின்றிச் சுருண்டு கிடக்கும் நாயையும் பார்த்துக்கொண்டிருப்பதில் இல்லறத்தாருக்கு உண்டாகும் ஆனந்தம் சாமானியமானதன்று. ஆயினும், இந்த ஆனந்தத்தை நம் சமய நூல்கள் எவ்விதம் மதிக்கின்றன என்று கேட்கப் புகுந்தால் ஒரே விடை கிடைப்பதில்லை. வாயில்லா ஜீவன்களிடம் இரங்குவதே தர்மத்தின் முதற்படி என்று ஒரு சாரார் கூறுவர். அந்த இரக்கமே பற்றாகி, பற்றே பந்தமாகி, முக்தியின் வாயிலை அடைத்துவிடும் என்று மற்றொரு சாரார் எச்சரிப்பர். இரண்டும் பெரியோர் வாக்காதலின், ஒன்றைக் கைக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட நமக்கு அதிகாரமில்லை.

எச்சரிக்கையின் பக்கத்தில் நிற்பது பரதனின் சரித்திரம். பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் அதை விரிவாகச் சொல்கிறது. அரசாட்சியையும் மனைவி மக்களையும் துறந்து, கண்டகி நதிக்கரையில் தவம் செய்துகொண்டிருந்த அம்மன்னன் ஒருநாள் நீராடச் சென்றபோது, சிங்கத்தின் கர்ஜனை கேட்டு மிரண்டு ஆற்றைத் தாண்டிய சினைமான் ஒன்று நடுவழியிலேயே ஈன்று உயிர் விட, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட கன்றை வாரியெடுத்துத் தன் ஆசிரமத்துக்குக் கொண்டுவந்தான். புல் தேடிக் கொடுத்தான், ஓநாய்க்கு அஞ்சிக் காவலிருந்தான், தோளில் சுமந்தான். நாளடைவில் பூஜையும் நியமங்களும் ஒவ்வொன்றாய் நழுவின. கன்று கண்ணுக்குத் தென்படாத வேளையெல்லாம் புலம்பலாகவே கழிந்தது. உயிர் பிரியும் தறுவாயிலும் அதனையே நினைத்தபடி இறந்தமையால் அடுத்த பிறவியில் மானாகவே பிறந்தான் என்று கதை சொல்கிறது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும், மானைத் தொட்டதே பிழை என்பதுபோல் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாயிழந்த கன்றை ஆற்றிலே விட்டுவிட்டு ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தால், அந்த ஜபத்துக்கு என்ன மதிப்பு? பிழை, எடுத்ததில் இல்லை. எடுத்த கன்றைத் தவிர உலகத்தில் வேறு எந்த உயிரும் இல்லை என்னும் அளவுக்கு அவன் நெஞ்சு குறுகிப்போனதில்தான் இருக்கிறது. காட்டில் வேறு மான்கள் இருந்தன, தாயற்ற வேறு கன்றுகளும் இருந்திருக்கும். அவற்றின் நினைவு அவனுக்கு எழவே இல்லை.

வடமொழிக் கதைக்கு எதிரே நம் சங்கப் புலவர்கள் குளிர்காலத்துக்கே உரிய வேறொரு கதையை வைத்திருக்கிறார்கள். பழனி மலைப்பக்கத்தை ஆண்ட ஆவியர் குலத்துப் பேகன், மயில் ஒன்று குளிரில் நடுங்குவதாகக் கருதி, தான் போர்த்திருந்த படாத்தை அதற்கு அளித்தான். மயில் அதை உடுத்தவும் மாட்டாது, போர்த்திக்கொள்ளவும் மாட்டாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்று பரணர் பாராட்டுகிறார். பறவை தன் இறகுகளைச் சிலிர்த்து, அவற்றினூடே காற்றை அடைத்துக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லது; அதற்குப் பட்டாடை எதற்கு? ஆனால் பிரயோஜனத்தை அளந்து பார்த்த பின்னரே இரங்குவது என்று வைத்துக்கொண்டால், அது இரக்கமாகாமல் வியாபாரமாகிவிடும். ஆகையால் பேகனின் கொடையைப் பேதைமை என்று நகைக்க என் மனம் ஒப்பவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் புகழ்க்கதையாகவே இருந்திருக்கும். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்களும், அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறிடம் நாடியதைக் கண்டு கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் மனம் வருந்திப் பாடியவை. மயிலுக்கு இரங்கியவனே, உன் வீட்டு வாயிலில் நின்று கண்ணீர் வடிக்கும் அவளுக்கு இரங்காதிருப்பது தகுமா என்பதே அவற்றின் சாரம். பொன்னும் பொருளும் வேண்டாம், இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பதே எங்களுக்கு நீ தரும் பரிசில் என்று கேட்கும் துணிவு அப்புலவர்களுக்கு இருந்தது. பரதனிடமும் பேகனிடமும் காணும் குறை ஒன்றுதான்: கண்ணுக்கு இனிய ஓர் உயிரிடம் பெருகிய அருள், அங்கேயே தேங்கி நின்றுவிட்டது.

தேங்காத அருளையும் அண்மைக் காலத்திலேயே நம் நாடு கண்டிருக்கிறது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி, லட்சுமி என்னும் பசுவிடம் காட்டிய வாத்ஸல்யம் பிரசித்தமானது. 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த அது 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் உயிர் நீத்தபோது, மகரிஷி அருகிலிருந்து அதன் தலையைத் தாங்கி வருடினார். ஆசிரமத்திலேயே அதற்குச் சமாதியும் அமைந்தது. அந்தப் பசுவை நேசித்தவர் அணிலையும் குரங்கையும் நாயையும் காக்கையையும் அவ்வாறே நேசித்தார். அவற்றை 'அது' என்று சொல்லாமல் 'அவன்', 'அவள்' என்றே குறிப்பிடுவார். பற்றற்ற ஞானிக்கு அன்பு இராது என்று எண்ணுவோர் அந்தச் சமாதியின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு வரலாம்.

ஞானிகளின் நிலை நமக்கு எட்டாததென்று ஒதுங்குவோருக்குத் தோட்டத்துக்கே வந்து பாடம் சொல்லும் ஆசிரியர் ஒருவர் உண்டு. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டி வாழும் ஆறுமணிக்குருவி, குளிர்காலம் நெருங்கத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வந்துவிடுகிறது. மாமரமும் வேம்பும் அடர்ந்த கொல்லையில், உதிர்ந்த சருகுகள் கனத்துக் கிடக்கும் நிழலில் அது தத்தித் தத்தி நடந்து, அலகால் ஓர் இலையைப் புரட்டி எறிந்து, கீழிருந்த புழுவைக் கொத்திவிட்டு, குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் அசைத்தபடி நிற்பதைக் காணும் பாக்கியம் பெற்றவர்கள் அறிவார்கள்: முதுகிலே பச்சை, தொண்டையிலே வெண்மை, கண்ணை ஒட்டிக் கரிய பட்டை, இறகில் ஒரு துண்டு நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. காலையும் மாலையும் ஆறு மணி அளவில் ஈரசை கொண்ட சீழ்க்கையொலி ஒன்று எழும். தோட்டத்தில் ஒன்று கூப்பிட, அடுத்த தோட்டத்திலிருந்து மற்றொன்று விடை கொடுக்கும்.

இந்த விருந்தாளிக்கு நாம் எதைக் கொடுப்பது? தானியம் இறைத்தால் அது ஏறிட்டும் பாராது, கூண்டிலிட்டால் மாண்டுபோகும். சருகைக் கூட்டிப் பெருக்கிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் அப்படியே விட்டுவைப்பதே அதற்கு நாம் இடக்கூடிய அன்னம். கையை நீட்டுவதைப் போலவே கையை மடக்கிக்கொள்வதும் தானமாகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உபநியாசமும் எனக்கு விளக்கியதில்லை. ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரம் தியாகத்தால் அனுபவி என்று போதிக்கும்போது, நான் இந்தச் சருகுக் குவியலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே வளர்ப்புப் பிராணியின் விஷயமும் குறுக்கிடுகிறது. நெடும்பயணத்தால் களைத்துத் தரையில் இரை தேடும் அந்தக் குருவியைப் பதுங்கியிருந்து பிடிப்பது பெரும்பாலும் நாம் பாலூற்றி வளர்க்கும் பூனைதான். பூனைமேல் குற்றமில்லை, அதன் ஸ்வபாவம் அது. ஆனால் நம் மடியில் படுத்துறங்கும் செல்லத்தின் சுகத்துக்காக, ஊர் பேர் தெரியாத ஓர் உயிரின் சாவைப் பாராமுகமாய் விட்டுவிடுவோமானால், பரதன் தவறிய அதே இடத்தில் நாமும் தவறியவர்களாவோம்.

ஆகவே, கொல்லையும் பூனையும் உடைய வீட்டாரிடம் என் விண்ணப்பம் இதுவே. ஐப்பசி பிறந்ததும் மரத்தடிச் சருகில் ஒரு பகுதியைத் துடைப்பம் படாமல் விட்டுவிடுங்கள். விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து, அதற்குரிய பாலையும் சோற்றையும் அந்த வேளையிலேயே இடுங்கள். வெயில் ஏறிக் குருவி வடக்கே திரும்பும்வரை இந்த விரதத்தைக் கைவிடாதீர்கள்.