மகளின் கையெழுத்தில்

ஒரு நாள் இரவு என் மகளின் வீட்டுப்பாடத்தை நான் எழுதினேன். சமூக அறிவியலில் பத்துக் கேள்விகள். பத்து விடைகளும் புத்தகத்தில் இருப்பவை. அவள் தூங்கிப்போயிருந்தாள். அவள் எழுத்தைப் போலவே சற்று இடப்பக்கம் சாய்த்து, ‘ழ’வின் வாலை அவளைப் போலவே நீட்டி எழுதினேன். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ‘நன்று’ என்றிருந்தது. அதை அவள் என்னிடம் காட்டவில்லை. நானாகத்தான் எடுத்துப் பார்த்தேன்.

அன்பினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கும் தூக்கம் வந்தது என்பதும், பள்ளியில் என் பெயர் கெடக்கூடாது என்பதும் அந்த அன்பில் சேர்த்திதான்.

வீட்டுப்பாடம் ஏன் கஷ்டமாக இருக்கிறது? வகுப்பில் ஒன்று புரியாதபோது நாற்பது பேரோடு சேர்ந்து புரியாமல் இருக்கலாம். அதில் ஓர் ஆறுதல் உண்டு. இரவு எட்டு மணிக்குப் புரியாமை தனக்கே சொந்தமாகிவிடுகிறது. கேள்வி கேட்டவர் எதிரில் இல்லை. அவர் தீர்ப்பு மட்டும் நோட்டின் அருகில் உட்கார்ந்திருக்கிறது. மேலும், மேஜையும் விளக்கும் படித்த பெற்றோரும் உள்ள ஒரு வீட்டை வீட்டுப்பாடம் அனுமானித்துக்கொள்கிறது. இவை இல்லாத குழந்தை தன் வீட்டின் ஏழ்மைக்காகத் தான் மதிப்பெண் இழக்கிறது. யஷ்பால் குழு 1993இல் தந்த அறிக்கை, பையின் எடையைவிடப் புரியாமையின் சுமைதான் கொடியது என்றது. 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையோ, இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே கூடாது, ஆறிலிருந்து எட்டுவரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று நேரத்தை அளந்தது. புரியாமைக்குக் கடிகாரம் கிடையாது.

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது ஆளுக்கொரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்பும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிகளின் பிரம்பை நான் மறக்கவில்லை. ஆனாலும் ஒற்றைச் சொல்லை ஓர் இரவு முழுவதும் மனத்தில் வைத்துக் காப்பாற்றுவது ஒரு குழந்தையால் முடிகிற காரியம். பத்து விடைகளைப் பெயர்த்தெழுதுகையில் காப்பாற்ற எதுவுமில்லை. கை மட்டும் வேலை செய்கிறது. அதனால்தான் என் கையும் அதைச் செய்ய முடிந்தது.

பிறகொரு நாள் பின்னக் கணக்கு. முக்காலை மூன்றில் இரண்டால் பெருக்க வேண்டும். விதிப்படி பெருக்கி அரை என்று விடை எழுதிவிட்டு, “பெருக்கினா கூடத்தானேப்பா வேணும், எப்படிக் குறைஞ்சுது?” என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. பேனாவை வாங்கிக்கொள்ளவுமில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு தோசையை நான்காக வெட்டி ஒரு துண்டை எடுத்து வைத்தோம். மிச்சம் மூன்று. அதில் இரண்டை எடுத்தால் அரைத் தோசை. “அப்ப இது பங்குதானே, இதை ஏன் பெருக்கல்னு சொல்றாங்க?” என்றாள். அதற்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரியாததை அப்படியே எழுதி வை என்றேன். விடைக்குக் கீழே, ‘இதை ஏன் பெருக்கல் என்கிறார்கள் என்று புரியவில்லை’ என்று எழுதினாள். மறுநாள் விடைக்கு ஒரு சரி. அந்த வாக்கியத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு.

சமாளிக்க வழி கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பக்கத்தில் உட்காருங்கள், பேனாவைத் தொடாதீர்கள், புரியாத இடம் எது என்று குழந்தையே பெயரிடட்டும். கோடு விழும். விழட்டும்.

இதை எழுதுகிற எனக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் விமர்சனக் கட்டுரைகளில் எத்தனை, வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கும் விடைகளை நம் கையெழுத்தில் சாய்த்து எழுதியவை! ‘நன்று’ என்று நாமே ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டும் இருக்கிறோம். இத்தனை வருஷங்களில் இந்த இடம் எனக்குப் புரியவில்லை என்று ஒரு வாக்கியம் நான் அச்சில் எழுதியதில்லை. என் மகள் பன்னிரண்டு வயதில் எழுதிவிட்டாள்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.